கோலியாத்தும் எங்க வீட்டு ஜூரியும்

போன ஐப்பசில மழை புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுச்சு. பெருமாள்மலைக்குக் கீழ மரம் விழுந்து பஸ்ஸெல்லாம் அங்கங்க நின்னுபோச்சு, கோர்ட்டுக்கும் ஆள் வரல என் ஜெராக்ஸ் கடைக்கும் ஆள் வரல, சரி போன்னு ஷட்டர இழுத்துவிட்டுட்டு வீட்ல உக்காந்து கரண்ட் இருந்த நேரம் பூரா ஒரே சீரியல்தான். நான் மட்டும் இல்ல, வீட்டுக்காரி, சித்தி, டாக்ஸி ஓட்டுற மச்சான், மதுரைல சட்டம் படிச்சுட்டு லீவுக்கு வந்திருந்த மச்சான் மக, எல்லாரும் ஆளுக்கொரு கம்பளியப் போத்திக்கிட்டு. மச்சானோட அமேசான் பிரைம் அக்கவுண்ட். சீரியல் பேரு கோலியாத். நாங்க பாத்தது இங்கிலீஷ்லதான், சித்திக்கு மட்டும் நான் பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன், அதுல பாதி என் சொந்தச் சரக்கு.

பழசுதான், 2016 அக்டோபர்ல வந்தது. மொத்தம் நாலு சீசன், சீசனுக்கு எட்டு எபிசோட், 2021-ல முடிஞ்சுபோச்சு. (கொடைக்கானல்காரன்கிட்ட போய் "ரெண்டாவது சீசன் நல்லா இல்ல"ன்னு சொல்லிப் பாருங்க, ரூம் வாடகையப் பத்திப் பேசுறோம்னு நினைச்சுக்கிட்டு அரை மணி நேரம் பொலம்புவான்.) எழுதுனவங்க டேவிட் ஈ கெல்லி, ஜோனதன் ஷப்பிரோன்னு ரெண்டு பேரு, ரெண்டு பேருமே வக்கீலா இருந்துட்டு டிவிக்கு வந்தவங்க. அது படத்துல தெரியுது.

கதை என்னன்னா, பில்லி மெக்பிரைடுன்னு ஒரு வக்கீல். ஒரு காலத்துல லாஸ் ஏஞ்சல்ஸ்ல பெரிய கை, அவரே பார்ட்னரா நின்னு ஆரம்பிச்ச கம்பெனி இன்னிக்கு வானத்தத் தொடுற கட்டடத்துல இருக்கு, ஆனா இவரு அதுல இல்ல. ஒரு கொலைக் கேஸ்ல ஒருத்தன வெளிய எடுத்து விட்டாரு, வெளிய வந்தவன் ஒரு குடும்பத்தையே கொன்னுட்டான், அதுலருந்து மனுசன் தண்ணிதான். சான்டா மோனிகா கடற்கரை ஓரமா ஒரு லாட்ஜ்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்காரு, பக்கத்துலயே சே ஜேன்னு ஒரு பாரு, ஆபீஸ் மாதிரி அங்கதான் உக்காந்திருப்பாரு. அந்தப் பார் செட் இல்லைங்க, 1959-லருந்து நெசமாவே அங்க இருக்குற பாரு. அவர்ட்ட ஒரு கேஸ் வருது. ஒரு ஆளு நடுக்கடல்ல படகோட வெடிச்சுச் செத்துப்போறான், அவன் வேல பாத்தது ஆயுதம் செய்யிற கம்பெனில. அந்தக் கம்பெனிக்கு வக்கீல் யாருன்னா இவரோட பழைய ஆபீஸ்தான். பில்லி பாப் தார்ன்டன் நடிச்சிருக்காரு, இதுக்கு 2017-ல கோல்டன் குளோப் வாங்குனாரு. அந்த ஒல்லி உடம்பும் தொங்குன மூஞ்சியும், நடிக்கிறாரா இல்ல நெசமாவே ஹேங்ஓவரான்னு சந்தேகம் வரும்.

இனி எங்க வீட்டு ஜூரிக்கு வரேன், அதாவது அங்க கோர்ட்ல தீர்ப்பு சொல்ல உக்கார வைக்கிற சாதாரண ஜனங்க மாதிரி எங்க வீட்டு ஆளுங்க.

சித்தி முதல் எபிசோட்லயே தீர்ப்பு சொல்லிருச்சு. "குடிகாரப்பய. இவனுக்கு எதுக்குடா இவ்ளோ பாட்டு மியூசிக்கெல்லாம்?" எங்க சித்தப்பா கதை ஊருக்கே தெரியும்ங்கறதால யாரும் வாயத் தொறக்கல. எட்டு எபிசோட் முடியிற வரைக்கும் சித்தி ஓட்ட மாத்தவே இல்ல. அவர் ஜெயிக்கிற மாதிரி சீன் வந்து மச்சான் கையத் தட்டுனா, சித்தி "அந்தப் பொம்பளப்புள்ளைக்கு சாப்பாடு போட்டானா"ன்னு கேக்கும். பில்லிக்கு ஒரு மக இருக்கா, டெனிஸ், வயசுக்கு வந்த புள்ள, அப்பன் குடிச்சுக் கெடந்தாலும் பாக்க வருவா. சித்தி கண்ணு முழுக்க அது மேலதான். எதிர் பார்ட்டி வக்கீல் கூப்பர்மேன் மட்டும் சித்திக்கு ரொம்பப் புடிச்சுபோச்சு. முகத்துல பாதி தீக்காயத் தழும்பு, இருட்டு ரூம்ல உக்காந்துக்கிட்டு கையில ஒரு கிளிக்கர வச்சு டிக் டிக்குன்னு அமுக்குவாரு, அதுக்கே பெரிய பெரிய வக்கீலெல்லாம் நடுங்குவாங்க. வில்லியம் ஹர்ட் நடிச்சது, 2022-ல இறந்துட்டாரு பாவம். சித்தி அவருக்கு வச்ச பேரு பூச்சாண்டி வக்கீலு. "இவன் கெட்டவன்னு பாத்தவொடனே தெரியுதுல்ல, அது எவ்வளவோ தேவல"ன்னுச்சு. யோசிச்சுப் பாத்தா அது ஒரு பாயிண்ட்தான்.

என் வீட்டுக்காரி கட்சி மாறிட்டா. பால்வாடில வேல பாக்குறவ, அவ புள்ளைங்கள்ல ஒண்ணு திக்கித் திக்கிப் பேசும். கூப்பர்மேன் ஆபீஸ்ல லூசின்னு ஒரு சின்ன வயசு வக்கீல், அவளுக்கும் திக்குவாய், அத வச்சுக்கிட்டு கோர்ட்ல எந்திரிச்சு நிக்கிறா. இவ அவ்ளோதான், நாம யாரு பக்கம் நிக்கணும், யாரு செத்தது, எந்தக் கம்பெனி, எல்லாம் மறந்துபோச்சு, அந்தப் புள்ள ஒரு கேள்விய முழுசா கேட்டு முடிக்கிற வரைக்கும் கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. "அவ எதிர் பார்ட்டிடி"ன்னேன். "இருக்கட்டும், முதல்ல பேசி முடிக்கட்டும்"ங்கறா.

மச்சானுக்கு ஒரே கேள்விதான், ஜெயிச்சா வக்கீலுக்கு எவ்ளோ. மலைக்கு வர்ற வெளியூர் வண்டிக்கெல்லாம் இ-பாஸ் வாங்கணும்னு வந்த 2024 மே மாசத்துலருந்து மனுசன் எதப் பாத்தாலும் கணக்காத்தான் பாக்குறாரு. அங்க வக்கீலு கேஸ முதல்ல சும்மா எடுத்துக்குவாரு, ஜெயிச்சா வர்ற பணத்துல இத்தன பங்குன்னு பேசி வச்சுக்குவாரு, தோத்தா அவருக்கு ஒண்ணும் கெடையாது, செலவெல்லாம் கையவிட்டுப் போனதுதான்னு சொன்னேன். "நல்ல ஏற்பாடா இருக்கே மாப்ள, கமிஷன் மாதிரி, இங்கயும் வச்சா என்ன"ன்னாரு. உடனே சட்டம் படிக்கிற மருமகப்புள்ள எந்திரிச்சு உக்காந்து, அதெல்லாம் இங்க கூடாதுப்பா, பார் கவுன்சில் ரூல்லயே இருக்கு, ஜெயிச்சா இவ்ளோன்னு ஃபீஸ் பேசக்கூடாது, போர்டு வச்சு விளம்பரமும் பண்ணக்கூடாதுன்னு கிளாஸ் எடுத்துச்சு. மச்சான் என்னப் பாத்தாரு. நான் சுவத்தப் பாத்தேன். ஆக்சிடெண்ட் கேஸ்ல ஊர்ப்பக்கம் என்ன நடக்குதுன்னு ஒன்பது வருசம் குமாஸ்தாவா இருந்தவனுக்குத் தெரியாதா, ஆனா படிக்கிற புள்ளைக்கு முன்னாடி அத எதுக்குச் சொல்லணும்.

அந்தப் புள்ளைக்குப் படத்துல எரிச்சலே ஜூரிதான். "மாமா, பன்னெண்டு பேர உக்கார வச்சு அவங்க மூஞ்சியப் பாத்துப் பேசுறதுனாலதான் அது டிராமாவா இருக்கு, நம்ம கோர்ட்ல ஜட்ஜ் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருப்பாரு, யாரப் பாத்து வசனம் பேசுறது"ங்குது. நெசந்தான். நம்ம நாட்டுலயும் ஒரு காலத்துல ஜூரி இருந்துச்சு, 1959-ல பம்பாய்ல நானாவதி கேஸ், கட்டுன பொண்டாட்டியோட தொடர்பு வச்சிருந்தவன நேவி ஆபீசர் சுட்டுட்டு வர்றாரு, ஜூரி குத்தவாளி இல்லன்னு சொல்லிருச்சு, ஜட்ஜ் அத ஒத்துக்காம ஐகோர்ட்டுக்கு அனுப்பிட்டாரு. அப்புறம் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தப்ப ஜூரின்ற பேச்சே இல்லாமப் போச்சு. இன்னொண்ணும் சொல்லுச்சு, அங்க கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே எதிர் பார்ட்டியோட சாட்சியக் கூப்பிட்டு ஒரு ரூம்ல கேமரா வச்சு சத்தியம் வாங்கிக் கேள்வி கேக்குறாங்க, எதிர் கம்பெனில இருக்குற பேப்பரெல்லாம் பொட்டி பொட்டியா வாங்குறாங்க, இங்க ஒரு ரெக்கார்ட வெளிய வாங்குறதுக்குள்ள தாவு தீந்துரும்னு. பொட்டி பொட்டியா பேப்பர் வர்ற சீன்ல எனக்கு வேற மாதிரி வயித்தக் கலக்குச்சு, இத்தனைக்கும் பக்க நம்பர் போடுறது யாருன்னு.

மழை விட்டப்புறம் மூஞ்சிக்கல் டீக்கடைல இந்தப் பேச்ச எடுத்தேன். டீக்கடை அண்ணனும் பாத்திருக்காரு. அவருக்குப் புடிச்ச இடமே வேற. செத்தவனோட பொண்டாட்டி ஏற்கெனவே கம்பெனிகிட்ட பணம் வாங்கிக்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டா, அவன் அக்காக்காரிதான் பணம் வேணாம் என்ன நடந்துச்சுன்னு சொல்லுன்னு நிக்கிறா. "அதான்டா நம்ம ஊரு"ன்னாரு. அவரு சொன்னது தெர்மாமீட்டர் ஃபேக்டரிய. வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன், செயின்ட் மேரிஸ் ரோட்டுல பாம்பார் சோலைக்கு மேல இருந்த ஃபேக்டரி, அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல ஓடிக்கிட்டிருந்த மிஷின அப்படியே பேத்துக் கொண்டாந்து இங்க வச்சாங்க, 2001-ல பாதரசம் ஒட்டுன ஒடஞ்ச கண்ணாடியெல்லாம் இந்த மூஞ்சிக்கல் பழைய இரும்புக்கடைலயே கெடந்தது வெளிய வந்து இழுத்து மூடுனாங்க. வேல பாத்தவங்க 2006-ல ஐகோர்ட்டுக்குப் போனாங்க. 2016 மார்ச்லதான் 591 பேருக்கு சமரசம் ஆச்சு, எவ்ளோன்னு வெளிய சொல்லல. அதே 2016-லதான் இந்த சீரியலும் வந்துச்சுன்னு சொன்னேன், அண்ணன் டீய ஆத்துறத நிறுத்திட்டு, "அவன் எட்டு எபிசோட்ல முடிச்சுட்டான், இங்க மூடுனதுலருந்து பதினஞ்சு வருசம்டா"ன்னாரு. அப்புறம் அவரே, "ஆனா இங்க ஒத்த வக்கீல் வந்து மேசையத் தட்டி ஜெயிச்சுக் குடுத்ததில்ல, அவனவன் சம்பளம் போக மிச்ச நேரத்துல சங்கம் கூடி மதுரைக்கும் மெட்ராசுக்கும் பஸ் ஏறுனானுங்க, அத எவன் எடுப்பான் படமா"ன்னுட்டு அடுத்த டீயப் போட ஆரம்பிச்சுட்டாரு.

எடுப்பானான்னு கேட்டாரு பாருங்க, அங்கதான் எனக்கும் இந்த சீரியலுக்கும் பஞ்சாயத்து.

எல்லாரும் பில்லியப் பத்தியே பேசுறாங்க, நல்லவனா கெட்டவனா, குடிச்சாலும் மூளக்காரன்டா, இப்படி. நான் பாத்தது பேட்டிங்கற பொம்பளைய. பேட்டி சோலிஸ் பாபாஜியன், நீனா அரியாண்டா நடிச்சது, வாய் நிக்காத பொம்பள வக்கீல். கேஸே அவ மூலமாத்தான் இவர்ட்ட வருது. கோர்ட்ல தாக்கல் பண்ண வேண்டியது, தேதி, ஃபீஸு, கட்சிக்காரங்கள சமாதானம் பண்றது எல்லாம் அவளும், மார்வான்னு ஒரு குண்டம்மாவும், பிரிட்டனின்னு ஒரு பொண்ணும்தான். இவரு லாட்ஜ்லருந்து கலைஞ்ச தலையோட வருவாரு, ரெண்டு கேள்வி கேப்பாரு, கோர்ட்டே அசந்துபோகும். பேட்டி கத்துவா, திட்டுவா, நாளைக்கு காலைல அவளேதான் ஃபைலத் தூக்கிக்கிட்டு நிப்பா. அந்தத் திட்டு அத்தனையும் எனக்கு மனப்பாடம். என்ன, நான் வாயத் தொறந்து திட்டுனதில்ல.

2003-லருந்து 2012 வரைக்கும் நான் ஒரு வக்கீல் சார்ட்ட குமாஸ்தா. திண்டுக்கல்ல கொடிகட்டிப் பறந்தவரு, குறுக்கு விசாரணைன்னா மத்த கோர்ட்லருந்தெல்லாம் ஜூனியர்ஸ் வந்து பின்னாடி நின்னு பாப்பாங்களாம். என்ன ஆச்சோ, மலைக்கு வந்துட்டாரு. அவரும் சொன்னதில்ல நானும் கேட்டதில்ல. ஆபீஸ்னு ஒண்ணு இருந்துச்சு, ஆனா அவரு உக்கார்றது என்னவோ டீக்கடை பெஞ்சுலதான், மத்தியானத்துக்கு மேல எங்க உக்காருவாருன்னு சொல்ல வேண்டியதில்ல. ஒரே ஒரு ரூல், ராத்திரி எட்டு மணிக்கு மேல சாருக்குப் போன் பண்ணக்கூடாது. எவ்ளோ அவசரமா இருந்தாலும் காலைல ஏழு மணிக்குத்தான்.

பூம்பாறைலருந்து ஒரு பெரியவர், எழுபது வயசு இருக்கும், பூண்டுக் காட்டுக்குப் போற பாதைய பக்கத்துக் காட்டுக்காரன் கல்லு வச்சு அடைச்சுட்டான்னு கேஸ். ஃபீஸ் பாதி பணமா, பாதி மலைப்பூண்டா வரும், தோகையோட கட்டிக் கொண்டாந்து மேசை மேல வச்சுருவாரு, அந்த வாரம் பூரா கேஸ் கட்டு, வக்காலத்து, என் சட்டை எல்லாம் பூண்டு வாசம். விசாரணைக்குத் தேதி போட்டாச்சு. சார் அவர்ட்ட "நீங்க வரவேணாம் பெரியவரே, நான் பாத்துக்குறேன், அன்னிக்கு வாய்தாதான்"னுட்டாரு. அன்னிக்கு சாரும் வரல.

காலைல கூப்புட்டாங்க, இன்னொரு வக்கீல் சார்ட்ட கெஞ்சி பாஸ் ஓவர், அதாவது கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்புடுங்கன்னு, கேக்க வச்சேன். பன்னெண்டு மணிக்குக் கூப்புட்டாங்க, இன்னொருத்தர்ட்ட கெஞ்சுனேன். நாலு தடவ சார் ரூமுக்கு ஓடுனேன், கதவு சாத்தியிருக்கு. மூணு மணிக்கு மேல பனி எறங்கி கோர்ட் வராண்டால எதிர்ல வர்ற ஆள் தெரியல, உள்ள டியூப்லைட் எரியுது, கெஞ்சுறதுக்குக் கருப்புக் கோட்டு ஒண்ணுகூட இல்ல, எல்லாரும் கெளம்பிட்டாங்க. டவாலி பெரியவர் பேர மூணு தடவ கூப்புடுறாரு. நான் கேஸ் கட்ட நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வாசப்படில நிக்கிறேன். குமாஸ்தா கோர்ட்ல பேச முடியாதுங்க. ஐயா ஒரு நிமிஷம்னுகூடச் சொல்ல முடியாது. ஜட்ஜ் என்னப் பாத்தாரு, எதுக்கு நிக்கிறேன்னும் அவருக்குத் தெரியும், குனிஞ்சு எழுதிட்டாரு. ஆள் வரலன்னு கேஸ் டிஃபால்ட்ல தள்ளுபடியாப் போயிருச்சு.

அடுத்த வாரம் பெரியவர் பூண்டோட வந்து "வாய்தா என்னிக்கு தம்பி"ன்னாரு.

முப்பது நாளைக்குள்ள திரும்ப எடுக்கச் சொல்லி மனு போடணும், அபிடவிட்ல ஏன் வரலன்னு காரணம் எழுதணும். வக்கீல் குடிச்சுட்டுத் தூங்கிட்டாருன்னு எழுத முடியுமா. வழக்கமா எல்லாரும் போடுறத நானும் டைப் பண்ணேன், மனுதாரர் மஞ்சக்காமாலை கண்டு நாட்டு வைத்தியம் பாத்துக்கிட்டிருந்ததுனால வக்கீலக் கண்டு விவரம் சொல்ல முடியலன்னு. படிச்சுக் காட்டுனேன். "எனக்கு எப்பப்பா மஞ்சக்காமாலை வந்துச்சு"ன்னு கேட்டாரு. வெளக்குனேன். ரொம்ப நேரம் அந்தப் பேப்பரையே பாத்துட்டு கையெழுத்துப் போட்டாரு, ஒவ்வொரு எழுத்தா. கூட வந்த பேரன் ஊர்ல போய் என்ன சொன்னானோ, அடுத்த தடவ வர்றப்ப சொல்றாரு, ஊர்ல ஒரு அம்மா தெனமும் கீழாநெல்லி அரைச்சு மோர்ல கொண்டாந்து குடுக்குதாம், வேணாம்னா விடமாட்டேங்குதாம், குடிச்சுக்கிட்டிருக்காராம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு.

கேஸத் திரும்ப எடுக்க எட்டு மாசம். அந்த எட்டு மாசமும் மனுசன் எருவத் தலையில சொமந்து, மேல ஏறி, சுத்தி எறங்கித்தான் காட்டுக்குப் போனாரு. அப்புறம் ஒரு நாள் சார் குளிச்சு, கோட்டு அயர்ன் பண்ணி வந்து நின்னாரு பாருங்க, இருவதே நிமிஷம், எதிர் பார்ட்டி வாயாலயே, எம் பொண்டாட்டி அந்தப் பாதைலதான் தண்ணிக்குப் போவான்னு சொல்ல வச்சாரு. எனக்கே புல்லரிச்சுபோச்சு. வெளிய வந்து நானே எல்லார்ட்டயும் பீத்திக்கிட்டேன், எங்க சார் மாதிரி வருமான்னு. அந்த இருவது நிமிஷத்த எடுத்தா கோலியாத். எட்டு மாசத்த எடுத்தா யாரு உக்காந்து பாப்பா. அதனால இந்த சீரியல நான் குத்தமும் சொல்லல, பேட்டியக் கத்தவாவது விட்டாங்களேன்னு சந்தோசந்தான். ஆனா மச்சான் கையத் தட்டுறப்ப நான் தட்டல, ஏன்டா உன் தொழில்தானேன்னாரு, குளிருதுன்னு கைய கம்பளிக்குள்ள விட்டுக்கிட்டேன்.

மத்த மூணு சீசனப் பத்தி பெருசா ஒண்ணும் இல்ல. ரெண்டாவதுல கொலைக் கேஸ், கை கால வெட்டுற கோரமெல்லாம் வருது, சித்தி பாதில எந்திரிச்சு சோறு வடிக்கப் போயிருச்சு, நாங்களும் ஓட்டி ஓட்டித்தான் பாத்தோம். மூணாவது தண்ணிப் பிரச்சனை, கலிபோர்னியால மழை இல்லாத காட்டுல பெரிய தோட்டக்காரன் ஒருத்தன் அடுத்தவன் தண்ணிய உறிஞ்சுறான், டென்னிஸ் குவைட் பண்ணது, மே மாசம் டேங்கர் லாரிக்குக் கொடத்தோட நின்ன எங்களுக்கு அது புரிஞ்சுச்சு, ஆனா நடுநடுவுல கனவா நெசமான்னு கொழப்பிவிட்டாங்க. நாலாவது வலி மாத்திர கம்பெனி கேஸ், அதுல பில்லி ரொம்ப வயசாகி ஓஞ்சுபோய்த் தெரியுறாரு, எனக்கு முதலுக்கு அடுத்து அதுதான் புடிச்சுது. மருமகப்புள்ள நாலையும் ஒண்ணு விடாமப் பாத்துட்டு "நான் பேட்டி மாதிரி வருவேன் மாமா"ன்னுச்சு. குமாஸ்தாவுக்கு மாசம் அஞ்சாந்தேதிக்குள்ள சம்பளம் குடுத்துரும்மான்னேன்.

சார் இப்ப வத்தலக்குண்டுல மக வீட்டுல இருக்காரு. கோட்ட மாட்டி ரொம்ப வருசமாச்சு, குடியையும் விட்டுட்டாருன்னு கேள்விப்பட்டேன். கடைசி எபிசோட் முடிஞ்சு எல்லாரும் படுத்தப்புறம், ஒரு சீரியல் இருக்கு சார் பாருங்கன்னு சொல்லலாம்னு போன்ல அவர் நம்பர எடுத்தேன். மணி எட்டே முக்கால். எடுத்த போன அப்படியே வச்சுட்டேன், காலைல ஏழு மணிக்குப் பண்ணிக்கலாம்னு.